ஒன்பதாம் நம்பர் தூண்டில்

உ
சென்னிமலை ஆண்டவர் துணை

திருப்பூர்
12.7.2024

முனீஸுக்கு,

பொங்கியண்ணன் எழுதுவது. நான் நலம். உன் உடம்பும் தொழிலும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் விசாரிக்க நமக்கு நடுவில் ஒன்றும் இல்லை.

இது வியாபாரக் கடிதம். நீ என் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்தாய். என் மகளைக் கூட்டிக்கொண்டு போன அன்றோடு அந்த உறவு முடிந்தது. இப்போது ராமேஸ்வரம் பக்கம் தூண்டில் சாமான் கடை வைத்திருப்பதாகவும், வெளிநாட்டுக்காரர்களைப் படகில் மீன் பிடிக்கக் கூட்டிப்போவதாகவும் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு டென்மார்க்கிலிருந்து ஆண்ட்ரியாஸ் என்று ஒரு பையர் சேர்ந்திருக்கிறார். ஜனவரியில் வருகிறார். அவருக்கு ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம். புழு, இறால் எதுவும் கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் கட்டிப் பொய்யாக ஒரு இரை செய்து, கனத்த தூண்டில் லைனைச் சாட்டை போல வீசிப் போட வேண்டுமாம். ஜனவரியில் அதைக் கடலில் செய்ய வேண்டும், நானும் பக்கத்தில் நின்று வீச வேண்டும். அவர் மனம் கோணினால் என் கம்பெனியில் பாதி மெஷினுக்கு உறை போட வேண்டியதுதான்.

ராடு, அதாவது தூண்டில் கோல், ஒன்று ஆன்லைனில் வாங்கிவிட்டேன். ஐந்தாம் நம்பர். ஒன்பதாம் நம்பரும் இருந்தது. கடல் மீனுக்குத் தடிமனாக இருக்கட்டும் என்று குறைந்த நம்பராகப் பார்த்து எடுத்தேன். இனி ரீலும் லைனும் வாங்க வேண்டும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது, கடலில் மானமும் போகக் கூடாது. எதை வாங்கலாம் என்று எழுது.

போன் செய்யாதே. அவள் பக்கத்தில் நிற்பாள். குலதெய்வக் கோயிலில், பங்காளிகள் முன்னால், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன், அவளோடு வாய் திறந்து பேச மாட்டேன் என்று. கடிதம் போதும்.

இப்படிக்கு,
பொங்கியண்ணன்

*

தூண்டில் கடை
3.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கீர்த்தனா வணக்கத்துடன் எழுதுகிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? அம்மா எப்படி இருக்கிறார்?

கடிதம் அவர் பெயருக்குத்தான் வந்தது. உறையைப் பார்த்ததுமே, "ஏ புள்ள, இது ஒங்கப்பா கையெழுத்துல்ல?" என்று என் மடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். பிரிக்கவே எனக்கு மூன்று நாள் ஆனது. உங்களுக்கு அது வியாபாரக் கடிதம். எனக்கு அது அப்பாவின் கையெழுத்து.

முதலில் ஒரு கேள்வி. இந்த முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பழைய போன் நம்பரைத் தூக்கி எறிந்ததும் அதற்காகத்தான். அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை வேறு போனிலிருந்து கூப்பிட்டேன், சித்தப்பா எடுத்தார். அதே வாரம் இரண்டு கார் நிறைய ஆட்களோடு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் போட்டோவைக் காட்டி விசாரித்துக்கொண்டு திரிந்தார். "சாதி விட்டுப் போனவளைச் சும்மா உட்டுட்டு நாம மீசை வெச்சுட்டுத் திரியறதா?" என்று அவர் கேட்டபோது நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்களாம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரெண்டு வருடமாக நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்குப் பதில் வரும் வரை கடையைத் தவிர வேறு எந்த இடத்தைப் பற்றியும் நான் எழுத மாட்டேன்.

இனி வியாபாரம். அந்த ஐந்தாம் நம்பர் ராடைத் திருப்பி அனுப்புங்கள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நூல் கணக்கில் பார்த்துவிட்டீர்கள். நூலில் இருபதாம் நம்பர் தடிமன், நாற்பதாம் நம்பர் மெலிசு, நம்பர் ஏற ஏற நைசு. ராடில் அப்படியே தலைகீழ். ஐந்து என்பது ஓடையில் பிடிக்கிற சின்ன மீனுக்கு. நம்பர் ஏற ஏறப் பலம். கடலுக்கு எட்டிலிருந்து பத்து வரை. எங்கள் பக்கத்துக் காற்றுக்கும் பாரை மீனுக்கும் ஒன்பதுதான் சரி. ஐந்தோடு வந்தீர்கள் என்றால் முதல் பாரையே கைப்பிடியை மட்டும் உங்களிடம் விட்டுவிட்டுப் போய்விடும். திருப்பூர்க்காரரைத் தவிர உலகத்தில் யாராலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது அப்பா.

நீங்கள் அவருக்கு எழுதினாலும் பதில் நான்தான் எழுதுவேன். அவர் எழுதியதை அவராலேயே திரும்பப் படிக்க முடியாது.

உங்கள் மகள்,
கீர்த்தனா

*

உ
சென்னிமலை ஆண்டவர் துணை

திருப்பூர்
14.8.2024

கடைக்கு,

பொங்கியண்ணன் எழுதுவது. நலம். கடையில் இருப்பவர்களும் நலமாக இருக்கட்டும். சர்க்கரை அளவாக இருக்கிறது.

பதில் எழுதுகிற ஆள் மாறியிருக்கிறது. எழுதினால் சத்தியம் தப்புமா என்று கோயில் பூசாரியிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "வாய்தானுங்க சத்தியம் பண்ணுச்சு, கையி ஒண்ணும் பண்ணலீங்களே" என்றார். ஆகவே எழுதுகிறேன். ஆனால் கடைக்குத்தான் எழுதுவேன், ஆளுக்கு இல்லை.

நம்பர் புரிந்தது. ஒன்பது பெரிது, ஐந்து சிறிது. முப்பது வருடமாக நூல் வாங்குகிறவனுக்கு இது தலைகுனிவு. வெளியே சொல்ல வேண்டாம். விற்றவன் திருப்பி எடுக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறான். பார்க்கிறேன்.

முகவரி நல்ல வழியில்தான் கிடைத்தது. தம்பி வேல்குமாருக்கு அது தெரியாது. அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

ரீலில் ஆயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது, கார் விலைக்கும் இருக்கிறது. இரண்டும் லைன் சுற்றுகிற வட்டம்தானே? ராடு, ரீல், லைன் எல்லாம் சேர்த்து ஒரே பையில் மலிவாக ஒன்று வருகிறது. அதையே எடுத்துவிடட்டுமா?

பொங்கியண்ணன்

*

தூண்டில் கடை
5.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கீர்த்தனா. நலம். நீங்கள் கடைக்கு எழுதுங்கள், நான் அப்பாவுக்கு எழுதுகிறேன். அவரவர் சத்தியம் அவரவருக்கு. அம்மாவைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் சர்க்கரையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இதை எழுதவே பயமாக இருக்கிறது.

மொத்தமாகப் பையில் வருவதை எடுக்காதீர்கள். அதில் ராடு பரவாயில்லை, ரீல்தான் ஏமாற்று. மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ராடில் பிடியுங்கள். நடுத்தர விலையில் ஒன்பதடி நீளம், நாலு துண்டாகக் கழற்றுகிற மாதிரி எடுத்தால் போதும். ரீலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாயப்பட்டறையில் உப்பு என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலிவு ரீலுக்குள் உப்புத் தண்ணீர் போனால் ஒரே வாரத்தில் பிரேக் துருப்பிடித்து இறுகிவிடும். பிரேக் உள்ளே தண்ணீர் புகாமல் மூடி வருகிற ரீலாகக் கேளுங்கள். பிராண்டு வேண்டாம், மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்தப் பிரேக் வேறொன்றுமில்லை, நிட்டிங் மெஷினில் நூலுக்கு வைக்கிற டென்ஷன் மாதிரிதான். இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் சிக்கிக்கொள்ளும். பாரை ஓடும்போது விட்டுக்கொடுக்க வேண்டும், நிற்கும்போது இழுக்க வேண்டும். லைன் வெயில் ஊருக்கானது என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். குளிர் நாட்டு லைன் எங்கள் வெயிலில் சேமியா மாதிரி குழைந்துவிடும். கடலை விட்டு ஏறியதும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். அலசினால் மலிவுச் சாமானும் பல வருடம் உழைக்கும்.

இனி நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். ஜனவரியில் யார் யார் வருகிறீர்கள்? எந்த வண்டியில்? சித்தப்பா கூட வருகிறாரா? சாமான் வாங்குகிற சாக்கில் என்னை எங்காவது நிற்க வைக்கப் பார்க்கிறீர்களா? பெற்ற அப்பாவிடம் கேட்கக் கூடாத கேள்விதான். கேட்காமல் இருக்க எனக்கு வழியில்லை. முன்பு என் உயிரைப் பற்றி மட்டும் பயந்தேன், இப்போது அப்படி இருக்க முடியவில்லை.

உங்கள் மகள்,
கீர்த்தனா

*

உ
சென்னிமலை ஆண்டவர் துணை

திருப்பூர்
18.9.2024

கடைக்கு,

நலம். அங்கே எல்லோரும், சின்ன உடம்பிலிருந்து பெரிய உடம்பு வரை, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். கடல் காற்று ஈரம்.

வருவது பையர், நான், டிரைவர் சின்னான். வேறு ஒருவரும் இல்லை. சின்னானைக் கடைக்கு நன்றாகத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் விட்டவன். இதற்கு மேல் நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

ரீல் சொன்னபடியே வாங்கிவிட்டேன். டென்ஷன் என்று சொன்னதும் விளங்கிவிட்டது. கம்பெனி மொட்டை மாடியில் வீசிப் பழகுகிறேன். நேற்று லைன் பின்னால் பறந்து செக்கிங் செக்‌ஷன் பெண்கள் காயப் போட்டிருந்த துப்பட்டாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. "மொதலாளிக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று பேசிக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

படகில் வெயில் தாங்காது. முழுக்கை வைத்து, தலையையும் மூடுகிற மாதிரி, லேசான துணியில் மீன்பிடிச் சட்டை ஒன்று தைக்கப் போகிறேன். கடையில் வாங்கினால் யானை விலை, நம் மெஷினில் அது ஒரு வேலையே இல்லை. கடையில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத் தைக்கிறேன். அளவு எழுதவும். எல்லோருடைய அளவும்.

பொங்கியண்ணன்

*

தூண்டில் கடை
1.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கீர்த்தனா. நலம். என் இரண்டு கையில் ஒன்றுதான் எழுத மிச்சம் இருக்கிறது, இன்னொன்றுக்கு வேறு வேலை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னான் அண்ணன் பெயரைப் படித்ததும் நம்பலாம் என்று தோன்றியது. அவர் பொய்யான காரியத்துக்கு வண்டி ஓட்ட மாட்டார். துப்பட்டாக் கதையை இவரிடம் படித்துக் காட்டினேன். "ஒங்கப்பா நம்ம கம்பெனியில ஒரு நாளு சிரிச்சு நான் பாத்ததில்லயே" என்றார்.

அவருக்கு மீடியம், எனக்கு ஸ்மால். அவ்வளவுதான்.

ஃப்ளை வாங்க வேண்டாம், இவரே வெள்ளை இறகில் கட்டித் தருவார். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ராடு கடைசியில் என்ன ஆனது? ஐந்தா, ஒன்பதா, எது கையில் இருக்கிறது? அதற்குத் தகுந்த மாதிரி இரை கட்ட வேண்டும். இதற்குப் பதில் வந்ததும், படகு எந்த இடத்திலிருந்து கிளம்பும் என்று எழுதுகிறேன். எங்கள் வீடும் அங்கிருந்து பக்கம்தான்.

அம்மாவைப் பற்றி இந்தத் தடவையாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்,
கீர்த்தனா

*

(கம்ப்யூட்டரில் அடித்தது)

திருப்பூர்
21.10.2024

என் அன்பு மகள் கீர்த்தனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். கையில் சுளுக்கு, அதனால் ஆபீஸில் அடித்து அனுப்புகிறேன்.

பழையதையெல்லாம் அப்பா மறந்துவிட்டேன். பெற்ற மனம் எத்தனை நாளைக்குத்தான் கோபத்தில் இருக்கும்? உன்னைப் பார்க்காமல் இனி இருக்க முடியாது. ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே வருகிறேன். உன் வீட்டு முகவரியையும், மாப்பிள்ளை படகு எடுக்கும் இடத்தையும் உடனே எழுது. யாரிடமும் சொல்லாதே, மாப்பிள்ளையிடமும் இப்போது சொல்ல வேண்டாம்.

நீ கேட்ட ராடு விஷயம். ஐந்தாம் நம்பரையே வைத்துக்கொண்டேன். அதுதான் தடிமன், பெரிய மீனுக்கு அதுதான் தாங்கும்.

உன் அன்பு அப்பா,
பொங்கியண்ணன்

*

தூண்டில் கடை
28.10.2024

சித்தப்பா வேல்குமார் அவர்களுக்கு,

கீர்த்தனா எழுதுகிறேன். நாங்கள் நலமாக இருக்கிறோம். உங்களுக்கு இதை எழுதுவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

அப்பா பெயரில் நீங்கள் அடித்து அனுப்பிய கடிதம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "என் அன்பு மகள்" என்ற வரியைப் பார்த்ததும் தேம்பித் தேம்பி அழுதேன். ரெண்டு வருடமாக அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறேன். முகவரியை எழுத உட்கார்ந்து, காகிதத்தின் மேல் பேனாவையும் வைத்துவிட்டேன். ராடு பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று பார்க்கத்தான் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன்.

ஐந்துதான் தடிமன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் நூல் வாங்குகிற ஆள்தானே, அப்படித்தான் நினைப்பீர்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். நான் திருத்தினேன், அவர் ஒப்புக்கொண்டார். அந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு எது தடிமன் என்று தெரியும் சித்தப்பா.

அவர் கடுகடுவென்று எழுதுவார். என் பெயரைக்கூட எழுத மாட்டார். ஆனால் என் புருஷனிடம் மறைக்கச் சொல்ல மாட்டார். கம்பெனிக்கு வந்த என் கடிதத்தைப் பிரித்துப் படித்தது நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடை முகவரி உறையிலேயே கிடைத்திருக்கும், அது ஆள் நடமாட்டம் உள்ள கடைத்தெரு என்பதால்தான் வீட்டையும் படகையும் கேட்டீர்கள். உங்கள் கடிதத்தை எங்கள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டோம். உங்கள் பெயரும் கார் நம்பரும் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் ஓடி ஒளிந்தவள் இல்லை, கல்யாணம் செய்துகொண்டவள். அப்பாவிடம் இதைக் காட்டத் தைரியம் இருந்தால் காட்டுங்கள்.

கீர்த்தனா முனீஸ்

*

உ
சென்னிமலை ஆண்டவர் துணை

திருப்பூர், சின்னான் வீட்டிலிருந்து
6.12.2024

கீர்த்தனாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லோரும் இருக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் எனக்குத் தூக்கம் வரும்.

செப்டம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. படகைத் தருவதற்கு உனக்கு இஷ்டமில்லை, இழுத்துப் பிடிக்கக் கூடாது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். இடையில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. போன வாரம் வேல்குமார் ஆபீஸுக்கு வந்து உன் கடிதத்தை மேஜை மேல் போட்டான். "படிச்சுப் பாருங்கண்ணா, உங்க பிள்ளை போலீசு வரைக்கும் போயிருக்கறா" என்றான். அவமானப்படுத்துவதாக நினைத்துத்தான் காட்டினான். நின்றுகொண்டே படித்தேன். எது தடிமன் என்று அப்பாவுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டாவது தடவையும் படித்தேன்.

அன்றைக்கு நான் சொல்லாத வார்த்தையை இப்போது சொன்னேன். "தம்பி, உன்ற காரு அந்தப் பக்கம் திரும்புச்சுன்னா போலீசுக்கு மொத போனு நாந்தான் போடுவேன்." கணக்கர், கட்டிங் மாஸ்டர் எல்லோரும் நின்று கேட்டார்கள். அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போனவன் நேராகக் கோயிலுக்குப் போனான். கார்த்திகைக் கூட்டத்தில் நம் குடும்பத்து வரியைத் தட்டில் வைத்து நீட்டினேன். தலைக்கட்டுப் பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கோயில் வரி வாங்கவில்லை என்றால் நாம் பங்காளியில் சேர்த்தி இல்லை. இனி நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் படியேற மாட்டார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிமேல் சின்னான் வீட்டு முகவரிக்கு எழுது. ராடு ஒன்பதாம் நம்பர் வாங்கிவிட்டேன், ஐந்து மூலையில் கிடக்கிறது. நீ அளவு எழுதவில்லை என்று நானே கண் கணக்கில் தைத்த சட்டைப் பார்சல் தனியாக வருகிறது. அளவு சரியா என்று பார்த்து எழுது.

அப்பா

*

தூண்டில் கடை
19.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம். தூங்குங்கள்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "வரி வாங்கலயாமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கடையைச் சாத்திவிட்டு வெகுநேரம் படகில் போய் உட்கார்ந்திருந்தார். என்னால்தான் என்று எழுதினால் நீங்கள் திட்டுவீர்கள்.

பார்சல் நேற்று வந்தது. உங்கள் சட்டையையும் இதிலேயே வைத்து அனுப்பியிருக்கிறீர்கள், எக்ஸ்எல், கடல் நிறம். ஜனவரியில் வந்து போட்டுக்கொள்வீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவருடையது மீடியம், என்னுடையது ஸ்மால். தையல் ஒன்றுகூடப் பிசகவில்லை. பை காலியாகிவிட்டது என்று மடிக்கப் போனேன், அடியில் இன்னும் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது.

அதே துணி, அதே நிறம், அதே முழுக்கை, தலைக்குக் குல்லா. என் உள்ளங்கை இரண்டை விரித்தால் அதற்குள் அடங்கிவிடும். தோளில் குழந்தைச் சட்டைக்கு வைக்கிற பித்தான். லேபிளில் 12-18 மாதம் என்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்த வாடிக்கையாளர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

யாழினி என்று பெயர் வைத்திருக்கிறோம் அப்பா. போன வருடம் ஐப்பசியில் பிறந்தாள். நடக்கிறாள், மூன்றாவது அடியில் விழுகிறாள். நான் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. என்னைத் தேடி வருகிறவர்கள் வரட்டும், அவளைத் தெரிந்துகொண்டு வந்துவிடக் கூடாது என்றுதான் எழுதவில்லை. உங்களிடமிருந்தும்தான் மறைத்தேன். நீங்கள் ஜூலையிலிருந்து தெரிந்துகொண்டே எழுதினீர்களா? எப்படித் தெரியும்? எத்தனை பேருக்குத் தெரியும்? அதைச் சொல்லுங்கள், எனக்கு இன்னும் பயம் போகவில்லை.

சட்டையைப் போட்டுப் பார்த்தேன். கச்சிதம். தலை ஒரு தடவையில் நுழைந்தது. கழற்ற விடமாட்டேன் என்கிறாள், அதோடேயே தூங்குகிறாள். அம்மாவுக்கு இதைச் சொல்ல முடியுமா?

என் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் பேச மாட்டீர்கள், தெரியும். வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
கீர்த்தனா

*

உ
சென்னிமலை ஆண்டவர் துணை

திருப்பூர்
27.12.2024

கண்ணு,

அப்பா நலம். குழந்தைக்குக் குல்லாயின் நாடாவைக் கழுத்தில் கட்டிவிடாதே, சும்மா தொங்கவிடு.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று நீ முதல் கடிதத்தில் கேட்டதற்கு இப்போது பதில். ஜூனில் பையர் வந்திருந்தார். சாப்பிடும்போது போனை நீட்டி, பிப்ரவரியில் கடலில் பிடித்த மீன் என்று போட்டோ காட்டினார். அவர் கையில் பெரிய பாரை. பக்கத்தில் முனீஸ். பின்னால் கடைப் போர்டு, அதில் முகவரி. போர்டுக்குக் கீழே நீ, உன் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது, மீனைத்தான் காட்டினார். "பெரிய மீனுங்க" என்றேன். போட்டோவை எனக்கும் அனுப்பச் சொன்னேன். போட்டோ அவர் போனில் இருக்கிறது, என் போனில் இருக்கிறது. வேறு யாரிடமும் இல்லை. பயப்படாதே.

பையர் ஜனவரியில் வருவது நிஜம். ஆனால் அவருக்கு நான் ராடு வாங்கித் தர வேண்டியதில்லை, அவரிடம் ஏழெட்டு இருக்கிறது. என்னை வீசச் சொல்லவும் இல்லை. எனக்குத்தான் உனக்கு எழுத ஒரு விஷயம் வேண்டியிருந்தது. அதனால் அந்த ராத்திரியே ஆன்லைனில் ஒன்றை வாங்கினேன். நம்பரைத் தப்பாக வாங்கியதும் நல்லதாகப் போயிற்று.

அம்மாவைப் பற்றி நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள், மாத்திரை வைப்பாள், பேச மாட்டாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்கே தெரியாதபோது உனக்கு நான் என்ன எழுத? சின்னச் சட்டையை மட்டும் கம்பெனியில் தைக்க முடியாது, கண்ணில் பட்டுவிடும். துணியை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, உன் பழைய தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். நான் கழுத்தைத் தைக்கப் போனபோது சொன்னாள்:

"ஏனுங்க, கழுத்து இன்னும் அரை இஞ்சு வேணுமுங்க. நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலை பெருசு, நுழையாது."

உன் அம்மா மாரக்காள் என்னிடம் பேசி ரெண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அவளிடம் போட்டோவைக் காட்டினேன். நடந்ததை எழுத எனக்கு வராது. தலை ஒரு தடவையில் நுழைந்தது என்று நீ எழுதியதை ஏழெட்டுத் தடவை வாசிக்க வைத்துவிட்டாள்.

சத்தியத்தைப் பற்றியும் யோசித்தேன். அந்தக் கோயிலில் செய்தது. அந்தக் கோயிலே என் வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வரி வாங்காத கோயிலுக்கு என் சத்தியம் மட்டும் எதற்கு? பூசாரியிடம் இந்தத் தடவை கேட்கவில்லை.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். முனீஸ் எடுக்க வேண்டாம், நீதான் எடுக்க வேண்டும். உன் அம்மா பக்கத்தில் இருப்பாள், அவளிடம் போனைக் கொடுத்தால் திரும்ப வராது, அதனால் முதலில் நான். எடுத்ததும் எனக்குப் பேச்சு வராமல் போகலாம். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. பாரை இழுக்கும்போது பிரேக்கை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று நான் கேட்டதாக வைத்துக்கொண்டு, நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இரு.

அப்பா